பக்கில போட்ட சிபி ரேடியோ ரெண்டு கிலோமீட்டர் தாண்டலை, ஆன்டெனாவ மாத்தணுமா பவர கூட்டணுமா?

ஃபீனிக்ஸ் பக்கிக்காரன்:

வணக்கம் மக்களே. ஈஸ்டர் லீவுல இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா முடிஞ்ச கையோட மூணு குடும்பம் மூணு வண்டில கோல்டன் கேட் பூங்கா வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கோம், என்3 நெடுஞ்சாலை ஏறி பெர்க்வில் வழியா ஆலிவியர்ஸ்ஹூக் பாஸ், அப்புறம் ஸ்டெர்க்ஃபான்டைன் டேம் ஓரமா போற ரூட்டு. அங்கங்க போன் சிக்னல் அறுந்து போகும், அதனால மூணு வண்டிலயும் சிபி (வண்டிக்கு வண்டி பேசுற சின்ன ரேடியோ) மாட்டியாச்சு. என்னோட பக்கி, அதாவது பின்னாடி தொட்டி வெச்ச பிக்கப், டபுள் கேப் ஹைலக்ஸ், டீசல், தொட்டிய மூடி ஃபைபர்கிளாஸ் கேனோபி. செட்டு சாதாரண 27 மெகாஹெர்ட்ஸ் ஏஎம், 4 வாட். ஆன்டெனா ஒரு மீட்டர் ஃபைபர் குச்சி, அடியில காயில் சுத்தினது, கேனோபியோட பின்பக்கம் வலது மூலைல பிராக்கெட் வெச்சு கடைக்காரங்களே மாட்டிக் கொடுத்தாங்க. பவர் சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து.

பிரச்சினை என்னன்னா போன வாரம் மூயி ரிவர் வரைக்கும் சும்மா ஓட்டிப் பார்த்தோம், நான் முன்னாடி, மச்சான் ஃபார்ச்சூனர்ல பின்னாடி, ரெண்டு கிலோமீட்டர் இடைவெளி விழுந்தாலே நான் பேசுறது அவருக்கு பாதி பாதியா விழுது, அவர் பேசுறது எனக்கு ஒரே இரைச்சல்ல முங்கிப் போயிடுது. இதுல ஒரு கூத்து, அவர் முன்னாடி போய் நான் பின்னாடி வந்தப்ப ஓரளவு நல்லாவே கேட்டுச்சு, அது ஏன்னே புரியல. மூணாவது வண்டி ஃப்ரெண்டோட பழைய இசுசு, அவன் மாமனார் மீன்பிடி போட்டுல இருந்து கழட்டின ஆன்டெனாவ போட்டிருக்கான், அவன் பேசுறது பக்கத்து வண்டில நின்னா மட்டும்தான் வருது. மச்சானுக்கு கூரை நடுவுல மேக்னெட் ஆன்டெனா, அவ்வளவுதான், வேற ஸ்பெஷல் ஒண்ணும் இல்ல.

ஒருத்தர் லீனியர் (பவர கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) வாங்கி சொருகுன்னு சொல்றாரு, இன்னொருத்தர் பெரிய ஆன்டெனா போடுன்னு சொல்றாரு. கூரைல ஓட்டை போட மனசு வரல, வண்டி இன்னும் வாரண்டில இருக்கு. எதுல காச போட்டா உருப்படியா ரேஞ்ச் ஏறும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


மிட்ராண்ட் மணி:

ப்ரோ யோசிக்கவே வேணாம், 100 வாட் லீனியர் ஒண்ணு போடுங்க, மேட்டர் ஓவர். 4 வாட்ட வெச்சுக்கிட்டு டிராகன்ஸ்பர்க் மலைல என்ன பண்ண முடியும், அது நைட் லேம்ப் பவர்கூட இல்ல. நான் இன்னும் வாங்கல, ஆனா வீடியோல பார்த்தேன், சும்மா பிச்சு உதறுது.


சாட்ஸ்வர்த் பெரியவர்:

தம்பி, மணி சொன்னத இப்போதைக்கு ஒரு ஓரமா வைங்க. நான் கப்பல் ரேடியோ ரிப்பேர் பார்த்தே ரிட்டையர் ஆனவன், வாட்ட பத்தி கேக்குறவங்கதான் ஜாஸ்தி, வண்டி இரும்ப பத்தி கேக்குறவங்க ரொம்பக் கம்மி. உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, மச்சானுக்கும் அதே 4 வாட்தான, அவருக்கு எப்படி வேலை செய்யுது?

27 மெகாஹெர்ட்ஸ்ல அலையோட நீளம் கிட்டத்தட்ட 11 மீட்டர். அதுல கால் பங்கு, அதாவது சுமார் 2.75 மீட்டர் குச்சி இருந்தா அது முழு ஆன்டெனா. ரோட்டுல அவ்வளவு நீளத்த தூக்கிக்கிட்டு போக முடியாதுன்னுதான் காயில் சுத்தி ஒரு மீட்டருக்கு குறைக்கிறாங்க. ஆனா அந்தக் குச்சி பாதி ஆன்டெனாதான், மீதிப் பாதி உங்க வண்டியோட இரும்பு பாடி. குச்சிக்கு அடியில இரும்புத் தகடு விரிஞ்சு இருந்தாதான் அலை ஒழுங்கா கிளம்பும். நீங்க கேனோபில, அதாவது ஃபைபர்கிளாஸ் மேல வெச்சிருக்கீங்க, ரேடியோவ பொறுத்தவரைக்கும் அது காத்து. அந்தக் குச்சி அங்க ஒத்தக் கால்ல நிக்குது. மாட்டிக் கொடுத்த கடைல இத யோசிக்கவே இல்ல, பிராக்கெட் போட இடம் இருந்துச்சு, போட்டாங்க.

இப்ப உங்க கூத்துக்கு வரேன். ஆன்டெனா வண்டில எந்த மூலைல இருக்கோ, அங்கிருந்து வண்டியோட உடம்பு எந்தப் பக்கம் நீண்டு கிடக்குதோ அந்தப் பக்கம்தான் சிக்னல் தூக்கலா போகும். உங்களுக்கு பின் வலது மூலை, அப்ப இரும்பு எல்லாம் முன்னாடி இடது பக்கமா கிடக்கு, சிக்னலும் அந்தப் பக்கம்தான் சாயும். நீங்க முன்னாடி போறீங்க, மச்சான் பின்னாடி வராரு, உங்க ஆன்டெனாவோட முதுகுப் பக்கம்தான் அவர் இருக்காரு. நீங்க பின்னாடி போனதும் அவர் முகத்துக்கு நேரா வந்துட்டாரு. பேய் பிசாசு ஒண்ணும் இல்ல.

லீனியர் கணக்கையும் பார்த்துடுவோம். 4 வாட்ட 100 வாட் ஆக்கினா 25 மடங்கு, கேக்க பெருசாதான் இருக்கு, ஆனா டெசிபெல்ல அது 14. செட்டுல இருக்குற சிக்னல் மீட்டர்ல ஒரு கோடு, அதாவது ஒரு எஸ் யூனிட்டுன்னா 6 டெசிபெல், ஆக எதிர்ப்பக்கம் ரெண்டேகால் கோடு முள்ளு ஏறும், அவ்வளவுதான். அதுக்கு பாட்டரில இருந்து 15 ஆம்ப்புக்கு மேல உறிஞ்சும், லைட்டர் சாக்கெட் உருகிடும், ஐகாசா (ரேடியோ விஷயத்த கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) விதிப்படி அது கூடவும் கூடாது. எல்லாத்துக்கும் மேல, நீங்க கத்துறது அவருக்கு கேக்கும், அவர் பேசுறது உங்களுக்கு அதே பழைய இரைச்சல்லதான் கேக்கும். ஆன்டெனாவ சரி பண்ணா போறதும் ஏறும், வர்றதும் ஏறும். கெட்டுப்போன ஆன்டெனாவுல 100 வாட்ட விட்டா திரும்பி வர்ற பவர்ல லீனியரே கருகும்.

ஓட்டை போட வேணாம். கேப் கூரை நடுவுல நல்ல வெயிட்டான மேக்னெட் மவுண்ட் ஒண்ணு வைங்க, மச்சான் மாதிரியே. காந்தத்துக்கு அடியில மண்ணு இருந்தா பெயிண்ட் போயிடும், துடைச்சிட்டு வைங்க. குச்சி ஒன்றரை மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது, காயில் அடியில இருக்குறதவிட நடுவுல இல்ல மேல இருக்குறதா பாருங்க, ஏன்னா ஆன்டெனாவோட அடிப்பாகத்துலதான் கரண்ட் ஜாஸ்தி ஓடுது, அந்த இடத்த காயிலுக்குள்ள சுருட்டி வெச்சா வீணாப் போகுது. மால் பார்க்கிங்ல நுழையும்போது கழட்டி சீட்டுல போடணும், அந்தச் சின்ன தொல்லைய பொறுத்துக்கோங்க.


ஃபீனிக்ஸ் பக்கிக்காரன்:

ஐயா ரொம்ப நன்றி, அந்த முதுகுப் பக்கம் விஷயத்த படிச்சிட்டு மச்சானுக்கு போன் போட்டு சொன்னேன், அவரு சிரிச்சிட்டே அப்ப நீ எப்பவும் பின்னாடியே வான்னு சொல்லிட்டாரு. ஒரு சந்தேகம், கேனோபிலயே வெச்சுக்கிட்டு அடியில அலுமினியத் தகடு ஏதாவது ஒட்டினா வேலை செய்யுமா? கூரைல ரூஃப் ராக்கும் சோலார் பேனலும் போடுற ஐடியா இருக்கு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனால இருந்து எவ்வளவு பவர் திரும்பி வருதுன்னு காட்டுறது) ஒண்ணு இருக்கு, எப்படி பார்க்குறதுன்னு தெரியல.


மாரிட்ஸ்பர்க் மல்லி:

தம்பி, நான் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வெச்சிருக்கேன், மீட்டர் விஷயம் நான் சொல்றேன், பெரியவர் கை வலிக்கப் போகுது.

வண்டிய காலி இடமா பார்த்து நிறுத்துங்க, சுவரு, தகரக் கொட்டாய், கரண்ட் கம்பி எதுவும் பக்கத்துல வேணாம். கதவு எல்லாம் மூடியிருக்கணும், ஆன்டெனா பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது, வேடிக்கை பார்க்குற பசங்கள முதல்ல விரட்டுங்க. செட்டுக்குப் பின்னாடி இருக்குற கேபிள கழட்டி மீட்டர்ல ஆன்டெனான்னு போட்டிருக்குற பக்கம் சொருகுங்க, இன்னொரு சின்னக் கேபிள் வெச்சு மீட்டரையும் செட்டையும் சேருங்க, ரெண்டு முனையிலயும் பி.எல். 259 பின் போட்டது கடைல கிடைக்கும். சுவிட்ச்ச ஃபார்வர்ட்ல வெச்சு மைக் பட்டன அழுத்துங்க, பேச வேணாம், முள்ளு கடைசிக் கோட்டுல வந்து நிக்கிற வரைக்கும் குமிழ திருகுங்க, உடனே சுவிட்ச்ச ரிஃப்ளெக்டுக்கு தள்ளி முள்ளு எங்க நிக்குதுன்னு படிச்சிட்டு பட்டன விட்டுடுங்க. மொத்தமும் சில செகண்டுல முடியணும், ஆன்டெனா சரியில்லாத நேரத்துல பட்டன அழுத்திக்கிட்டே இருந்தா செட்டோட கடைசி டிரான்சிஸ்டர் போயிடும்.

செட்டுல இருக்குற கீழ் சேனல்ல ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ, மேல் சேனல்ல ஒரு தடவ. கீழ கம்மியா இருந்து மேல போகப் போக ஏறினா குச்சி நீளம் ஜாஸ்தி, கொஞ்சம் உள்ள தள்ளணும். கீழ ஜாஸ்தியா இருந்து மேல குறைஞ்சா குச்சி குட்டை, வெளிய இழுக்கணும். ஒரு தடவைக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், அவசரப்பட்டு வெட்டினா ஒட்ட முடியாது. எல்லா சேனல்லயும் ஒரே மாதிரி 3க்கு மேல காட்டினா அது நீளப் பிரச்சினையே இல்ல, பாடியோட சேராம இருக்கும், இல்லேன்னா கேபிள் எங்கயோ நசுங்கியிருக்கும், அப்ப குச்சிய தொடாதீங்க.

1.5 வந்தா போதும், அதுல திரும்பி வர்றது வெறும் 4 சதவீதம். 2ன்னா 11 சதவீதம், 3ன்னா கால்வாசி பவர் திரும்பி செட்டுக்குள்ளயே வந்து அடிக்குது. 1.5ல இருந்து 1.1க்கு கொண்டு வரேன்னு பொழுத வீணடிக்காதீங்க, ரோட்டுல ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்னொண்ணு, மீட்டர் நல்லா காட்டுதுன்னா ஆன்டெனா நல்லா வீசுதுன்னு அர்த்தம் இல்ல, கேபிள்ல தண்ணி இறங்கியிருந்தாலும் மீட்டர் அழகா 1.3 காட்டும், பவர் எல்லாம் கேபிள்லயே சூடாப் போயிருக்கும்.

அலுமினியத் தகடு கேட்டீங்க. கேனோபிக்கு உள்பக்கம் பெருசா ஒட்டி அத பின்னாடி சாமான் போடுற தொட்டியோட (load bin) இரும்போட தடிமனான செப்புப் பின்னல் பட்டையால சேர்த்தா கொஞ்சம் பலன் இருக்கும், ஆனா ஹைலக்ஸ்ல கேபின் வேற, தொட்டி வேற, நடுவுல ரப்பர் உட்கார்ந்திருக்கு. கேபின், சாசி, தொட்டி மூணையும் பட்டை போட்டு சேர்க்கணும், சேர்க்குற இடத்துல பெயிண்ட்ட சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியணும், மேல கிரீஸ் தடவணும், இல்லேன்னா டர்பன் உப்புக்காத்துல ஒரே சீசன்ல துரு ஏறிடும். இவ்வளவு வேலைக்கு கூரையே மேல். ரூஃப் ராக் போட்டா ஆன்டெனாவ ராக் கம்பிக்கு மேல தூக்கி பிராக்கெட்ல வைங்க, காயில் பாகம் கம்பிக்குள்ள மறையக் கூடாது. பானெட் ஓரத்துல கவ்வுற பிராக்கெட்டும் இருக்கு, ஓட்டை வேணாம், ஆனா அது ஒரு மூலைதான், பெரியவர் சொன்ன சாய்வு அங்கயும் வரும்.


சாட்ஸ்வர்த் பெரியவர்:

மல்லி சொன்னதுல ஒரு சொட்டு சேர்க்க வேண்டியதில்ல. கேபிள கதவு ரப்பர் வழியா கொண்டு வரும்போது மட்டும், அடிக்கடி திறக்காத கதவா பாருங்க, ஒவ்வொரு தடவ அறைஞ்சு சாத்துறப்பவும் கேபிள் உள்ள நசுங்கும், வெளிய பார்த்தா தெரியாது. உள்ள வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கவிட்டு வளைச்சு ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், கால்ல விழாது. மிச்சக் கேபிள வெட்ட வேணாம், சீட்டுக்கு அடியில பெருசா வளைச்சுப் போடுங்க, அஞ்சு மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள்ல இந்த அலைவரிசைல போறது அரை டெசிபெல்கூட இல்ல.


ட்ரக் எலக்ட்ரீஷியன்:

அண்ணே எல்லாரும் ஆன்டெனாவயே பேசிட்டு இருக்காங்க, நீங்க எழுதினதுல எனக்கு கண்ல பட்டது இரைச்சல். மச்சானுக்கு நீங்க பாதி விழுறீங்க, உங்களுக்கு அவர் இரைச்சல்ல முங்குறாரு, அப்ப உங்க வண்டிக்குள்ளயே எவனோ கத்திட்டு இருக்கான். டீசல் வண்டி, ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால பாதி சந்தேகம் லைட்டர் சாக்கெட் மேல, மீதி போன் சார்ஜர் மேல.

இப்படி பாருங்க. என்ஜின் ஆஃப், சாவி ஆஃப், செட்ட மட்டும் பாட்டரில நேரா ஒயர் கொடுத்து ஆன் பண்ணுங்க, ஸ்க்வெல்ச்ச (இரைச்சல அடைக்கிற குமிழ்) முழுசா திறந்து விடுங்க, ஒரு அளவுக்கு சர்ருன்னு சத்தம் வரும், அத காதுல வெச்சுக்கோங்க. இப்ப சாவிய ஒரு கட்டம் திருப்புங்க, அப்புறம் என்ஜின் போடுங்க, அப்புறம் ஆக்சிலேட்டர மிதிங்க. மிதிக்க மிதிக்க விசில் மாதிரி ஏறினா ஆல்டர்னேட்டர். சாவி திருப்பினதுமே தடதடன்னு வந்தா உள்ள சொருகி வெச்சிருக்குற யூஎஸ்பி சார்ஜர், டேஷ் கேம், எல்இடி லைட் பார் ஒவ்வொண்ணா பிடுங்குங்க, ஏதோ ஒண்ண பிடுங்கினதும் ரேடியோ அப்படியே அமைதியாகும் பாருங்க. மலிவு சார்ஜர்தான் முக்காவாசி குற்றவாளி, ஒரு ஃபெர்ரைட் கிளிப்ப ஒயர்ல ரெண்டு சுத்து சுத்தி மாட்டினா சில நேரம் அடங்கும், அடங்கலேன்னா தூக்கிப் போட்டு வேற வாங்குங்க.

பவர் ஒயர் சிகப்பு பாட்டரி பிளஸ்ல நேரா, பாட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ், செட்டோட வந்த அளவே போதும், சிபி ரெண்டு ஆம்ப் சுத்திதான் இழுக்கும். கருப்ப பாட்டரி மைனஸ் முனைல நேரா வெக்காதீங்க, புது வண்டில அங்க சென்சார் உட்கார்ந்திருந்தா அத தாண்டி பாடி எர்த்துல கொடுங்க. நான் பார்க்குற லாரிங்கள்ல ரேஞ்ச் இல்லன்னு வர்றதுல நெறையா பேருக்கு ஒயர மாத்தினதுமே முகம் மலர்ந்துடும், ஆன்டெனாவ தொட்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம் ஸ்க்வெல்ச்ச இறுக்கி வெச்சுட்டு ரேஞ்ச் இல்லன்னு சொல்ற ஆளுங்க உண்டு. இரைச்சல் நிக்கிற அந்த இடத்துல நிறுத்தணும், அதுக்கு மேல ஒரு மயிரளவு திருகினாலும் தூரத்து ஆளத்தான் வெட்டுது.


உம்கோமாஸ் மீன்காரன்:

இசுசு ஃப்ரெண்ட பத்தி யாருமே பேசல, அவன் பாவம். போட்டுல கழட்டின ஆன்டெனான்னு சொன்னீங்கல்ல, நம்ம ஊர் ஸ்கி போட்டுல போடுறது 29 மெகாஹெர்ட்ஸ் செட்டு, 27 இல்ல. ரெண்டும் பார்க்க ஒரே குச்சிதான், ஆனா 29ல கால் அலை ரெண்டரை மீட்டர், 27ல 2.75, அந்தக் கால் மீட்டர் வித்தியாசத்துல ஆன்டெனா முழுசா பாதை மாறிடும். அதுமட்டும் இல்ல, போட்டு உடம்பும் ஃபைபர்கிளாஸ்தான், அதனால அதுக்குன்னு தரையே (அடியில இரும்புத் தகடு) தேவைப்படாத டைப் ஆன்டெனா போடுவோம், அதோட கேபிள் நீளம் கூட ஆன்டெனாவோட ஒரு பாகம், வெட்டினா செத்துச்சு. அவன் கண்டிப்பா வெட்டியிருப்பான்.

மாமனார்கிட்ட திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க, கடலுக்குப் போறவருக்கு அது உயிர் விஷயம். அவனுக்கு 27க்குன்னு போட்டது ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. ஆனா ஹைலக்ஸ்காரருக்கு இதுல ஒரு வழி இருக்கு, கூரைல இடம் இல்லன்னு ஆகிட்டா இந்த தரை தேவைப்படாத டைப்லயே 27க்கு கிடைக்குது, கேனோபில வெச்சா ஓரளவு வேலை செய்யும். கூரை அளவுக்கு இல்ல.


மிட்ராண்ட் மணி:

சரி லீனியர் வேணாம்னு வெச்சுக்கிட்டாலும், நான் ஒரு நாள் மத்தியானம் ஃப்ரெண்டோட சிபில போர்ச்சுகீஸ்ல யாரோ பேசுறத தெளிவா கேட்டேன். பிரேசில்னு சொன்னான். அவ்வளவு தூரம் வரும்போது இவருக்கு ரெண்டு கிலோமீட்டர் வரலன்னா என்ன லாஜிக்?


மாரிட்ஸ்பர்க் மல்லி:

மணி, அது மேல போய் அயனி மண்டலத்துல பட்டு திரும்பி இறங்குறது. சூரியனோட 25ஆவது சுழற்சி 2024 வாக்குல உச்சத்துக்கு வந்துச்சு, அந்த மாதிரி வருஷங்கள்ல 27 மெகாஹெர்ட்ஸ் பகல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் குதிக்கும், நடுவுல இருக்குற ஊரெல்லாம் விட்டுட்டு. உங்க வாட்டுக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. கான்வாய்ல போறவங்களுக்கு இது உபத்திரவம்தான், பிரேசில்காரர் சத்தத்துல பின்னாடி வர்ற மச்சான் அமுங்கிப் போவாரு. அப்ப வேற சேனலுக்கு மாறணும், எந்த சேனல்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கணும், ஏன்னா கேக்காத நேரத்துல சேனல் மாத்துன்னு எப்படி சொல்வீங்க?

செட்டுல எஸ்.எஸ்.பி. (சிங்கிள் சைட்பேண்ட், ஏஎம்முக்கு பதிலா பேசுற இன்னொரு முறை) இருந்தா அதுவும் ஒரு வழி, அதுல 12 வாட் உச்சம், அதோட பவர் எல்லாம் குரலுக்கே போகுது, இரைச்சலும் பாதிதான் உள்ள வரும். ஆனா மூணு வண்டிலயும் இருக்கணும், ஓட்டிக்கிட்டே குரல் சரியா வர்றதுக்கு கிளாரிஃபையர் குமிழ திருகிட்டு இருக்கணும். மலை ரோட்டுல அதெல்லாம் ஓட்டுறவர் செய்யுற வேலை இல்ல, பக்கத்துல உட்கார்ந்திருக்குறவங்க கைல மைக்க கொடுங்க.


ஃபீனிக்ஸ் பக்கிக்காரன்:

அப்டேட் சொல்றேன். முதல்ல மீட்டர வெச்சு கேனோபி ஆன்டெனாவயே பார்த்தேன், கீழ் சேனல், நடு, மேல் எல்லாமே 3க்கு மேல, மல்லி அக்கா சொன்ன மாதிரியே ஒரே மட்டம். அத கழட்டிட்டு ஒன்றரை மீட்டர் குச்சி, நடுவுல காயில், மேக்னெட் மவுண்ட், கூரை நடுவுல. போட்ட உடனே கீழ 1.3, நடுவுல 1.5, மேல 2 காட்டுச்சு. மேல போகப் போக ஏறுதே, அப்ப நீளம் ஜாஸ்தின்னு குச்சி அடியில இருக்குற சின்ன ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கொஞ்சம் உள்ள தள்ளினேன், மூணும் 1.3 பக்கத்துல வந்து நின்னுடுச்சு. அந்த முள்ளு இறங்குறத பார்க்குறதுல ஒரு போதை இருக்குங்க, சாப்பிடக் கூப்பிட்டும் போகாம அங்கயே நின்னுட்டு இருந்தேன்.

இரைச்சல் விஷயம் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதுதான், ரெண்டு போர்ட் யூஎஸ்பி சார்ஜர பிடுங்கின அந்த செகண்டு ரேடியோ வாய மூடிடுச்சு. ஒயரையும் பாட்டரிக்கு நேரா இழுத்துட்டேன்.

மச்சான் வீட்டு வாசல்லயே நின்னாரு, நான் ஆர்102ல வடக்க ஓட்டிக்கிட்டே பேசினேன். வெருலம் தாண்டியும் சுத்தமா கேட்டுச்சு, டோங்காட் நெருங்கும்போது மேடு வந்தா வருது பள்ளம் வந்தா போகுது. முன்னாடி பின்னாடி வித்தியாசமும் இப்ப பெருசா இல்ல. லெக்கர், சூப்பர்! இசுசுக்காரன் கேபிள வெட்டினது உண்மைதான், மாமனார் இன்னும் பேசலையாம்.

ஒண்ணு மட்டும், இனண்டா பக்கம் பள்ளத்தாக்குல இறங்கினதும் டக்குன்னு அறுந்துடுது, ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. அதுக்கு ஏதாவது வழி?


சாட்ஸ்வர்த் பெரியவர்:

சந்தோஷம் தம்பி. பள்ளத்துக்கு மருந்து கிடையாது. நடுவுல மலை நின்னா 4 வாட்டும் ஒண்ணுதான் 100 வாட்டும் ஒண்ணுதான், கொஞ்சம் வளைஞ்சு வரும், அவ்வளவுதான். ஆலிவியர்ஸ்ஹூக் ஏறும்போது வளைவுக்கு வளைவு அறுந்து அறுந்துதான் வரும், அங்க யாரும் பதறாதீங்க. மேல ஏறி டேம் பக்கம் போயிட்டீங்கன்னா திறந்த வெளி, அங்க பாருங்க உங்க புது ஆன்டெனாவ, பத்து கிலோமீட்டர் தாராளமா போகும், நல்லா இருந்தா அதுக்கு மேலயும்.

மலைல ஒரு வேலை செய்யலாம், யாரோட ஆன்டெனா நல்லா வேலை செய்யுதோ அந்த வண்டிய நடுவுல விடுங்க. முன்னாடி போறவர் சொல்றத நடு வண்டி வாங்கி பின்னாடி வர்றவருக்கு திருப்பிச் சொல்லட்டும். சொல்ல வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தா பள்ளத்துல நின்னு கத்தாம மேட்டுல ஏறினதும் சொல்லுங்க. மைக்க வாய்க்குள்ள திணிக்காம நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்வா பிடிச்சு சாதாரணக் குரல்ல பேசினாலே எதிர்ப்பக்கம் பாதி தெளிவு கூடும்.

கரடுமுரடு ரோடு முடிஞ்சதும் மேக்னெட் நகர்ந்திருக்கான்னும், குச்சி ஸ்க்ரூ லூஸ் ஆகியிருக்கான்னும் ஒரு தடவ கை வெச்சுப் பாருங்க. மரக்கிளை தட்டி விழுந்தா கேபிள்தான் தொங்கிட்டு வரும், கூரைய கீறிடும்.


மிட்ராண்ட் மணி:

அக்கா, இந்த ஹாம் லைசென்ஸ் எப்படி வாங்குறது? சும்மா கேக்குறேன்.


மாரிட்ஸ்பர்க் மல்லி:

எஸ்.ஏ.ஆர்.எல். (தென்னாப்பிரிக்க ஹாம் ரேடியோ சங்கம்) நடத்துற ஆர்.ஏ.இ. பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு மணி, மே மாசமும் அக்டோபர் மாசமும் நடக்கும், பாஸ் பண்ணிட்டு ஐகாசால லைசென்ஸ் எடுக்கணும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம்னா உங்க கால் சைன் (ரேடியோல உங்களுக்கான அடையாளப் பேர்) இசட்.எஸ்.6ன்னு ஆரம்பிக்கும், எனக்கு இங்க நேட்டால்ல இசட்.எஸ்.5. மலை உச்சில இருக்குற ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி திருப்பி வீசுற ஸ்டேஷன்) வழியா ரெண்டு மீட்டர் பேண்டுல பேசினா இந்தப் பள்ளத்தாக்கு தலைவலி பாதி தீரும், ஆனா வண்டில பேசுற ஒவ்வொருத்தரும் லைசென்ஸ் வெச்சிருக்கணும், அதனால குடும்பக் கான்வாய்க்கு சிபிதான் சரி. டெசிபெல் கணக்கு பரீட்சைல கண்டிப்பா வரும், பெரியவர் மேல எழுதினதயே முதல்ல படிங்க.